எந்தத் திசையில் சார்?

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் மைல்ட் ஸ்டீலின் யங்ஸ் மாடுலஸ் சதுர மி.மீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன் என்று நம்மில் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் ‘எந்தத் திசையில்?’ என்று ஒருத்தன் கேட்டால் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். இரும்புக்கு ஏது திசை? இழுத்தால் இழுத்த பக்கம் நீளும், அவ்வளவுதானே!

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தின் ஆரம்பத்தில் ஒரு வரி வரும். பொருள் ஹோமோஜீனியஸ் என்றும் ஐசோட்ரோபிக் என்றும் வைத்துக்கொள்வோம் என்று. எங்கே எடுத்தாலும் ஒரே மாதிரி, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரி என்று அர்த்தம். ‘அசம்ப்ஷன்களை எழுதுக’ என்று இரண்டு மார்க்குக் கேட்டால் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். பீம், ஷாஃப்ட், காலம் என்று அதற்குப் பின்னால் வருகிற அத்தனை கணக்கும் அந்த ஒரு வரியின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு வேலைக்குப் போன இடத்தில் நம் கைக்கு வரப்போகும் பல பொருள்களுக்கு அந்த வரி பொருந்தாது. பொருந்தாத இடத்தில் பொருத்திப் பார்த்தால் விரிசல் நாம் எதிர்பார்த்த இடத்தில் வராது, எதிர்பார்த்த பக்கம் போகாது. இதைத்தான் இந்த மலரில் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் மூங்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்ட வேண்டுமென்றால் அரிவாள் நாலைந்து தடவை விழவேண்டும். அதே மூங்கிலின் தலையில் அரிவாளை வைத்து ஒரு தட்டு தட்டினால் சரசரவென்று கணு வரைக்கும் பிளந்துகொண்டு போகிறது. மூங்கில் ஒன்றுதான், அரிவாளும் ஒன்றுதான். திசை மட்டும் வேறு. கூடை முடைகிறவர்களுக்கும் ஏணி கட்டுகிறவர்களுக்கும் இது பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. தச்சரும் பலகையின் ஓரத்தில் ஆணி அடிப்பதற்கு முன்னால் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். டிப்ளமா படிக்கிற நமக்குத்தான் பொருள் என்றால் ஒரு நம்பர்!

கண்ணாடி இழை போட்ட ஃபைபர், கார்பன் ஃபைபர், பிளைவுட் எல்லாம் இந்த மூங்கிலின் ஜாதிதான். கலப்புப் பொருள்கள், இங்கிலீஷில் காம்போசிட். 2009 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் 50% இந்த வகை. 2001 ஜனவரியில் முதலில் பறந்த நம் தேஜஸ் விமானத்தின் உடலிலும் கணிசமான பங்கு கார்பன் இழைதான். அவ்வளவு தூரம் போவானேன், நம் கடற்கரையில் நிற்கிற ஃபைபர் போட்டும் முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலை இறக்கையும் கண்ணாடி இழைதானே.

சரி, திசைக்குத் திசை எவ்வளவு வித்தியாசம் வந்துவிடும்? நமக்குத் தெரிந்த கணக்கை வைத்தே பார்த்துவிடலாம். கண்ணாடி இழையின் யங்ஸ் மாடுலஸ் சுமார் 72,000. ரெசினுடையது சுமார் 3,000. (எல்லாம் நியூட்டன், சதுர மி.மீ. கணக்கில்தான்.) இழை பாதி ரெசின் பாதி, இழைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இழை ஓடும் வாக்கில் இழுத்தால் இரண்டும் சேர்ந்தே நீளும். செம்பும் இரும்பும் ஒட்டிய காம்போசிட் பார் கணக்கு போட்டோமே, அதேதான். 36,000-உம் 1,500-உம் சேர்த்து 37,500. குறுக்கு வாக்கில் இழுத்தால் அது சீரிஸில் மாட்டிய இரண்டு ஸ்பிரிங் மாதிரி. கணக்குப் போட்டால் 5,760 வருகிறது. ஒரே தகடு, ஒரு பக்கம் 37,500, இன்னொரு பக்கம் 5,760. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! (நிஜமாக டெஸ்ட் செய்தால் குறுக்கு வாக்கில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். இழை தகடு தகடாக இல்லாமல் உருளையாகப் புதைந்திருப்பதால் அப்படி.) கார்பன் இழையில் இன்னும் மோசம். நீளவாக்கில் 1,40,000 என்றால் குறுக்கே சுமார் 10,000-தான்.

இந்த வித்தியாசம்தான் விரிசலுக்கு வித்து. எப்படி என்று கேளுங்கள். குறுக்கே இழுக்கும்போது கண்ணாடி இழை அசைந்து கொடுக்காது. அது ரெசினைவிட 24 மடங்கு விறைப்பு. ஆகவே தகடு நீள வேண்டிய நீளத்தை எல்லாம் பாவம் ரெசினே நீண்டு தீர்க்கவேண்டியிருக்கிறது. இரண்டு இழைகள் நெருங்கி நிற்கிற சந்தில் இருக்கும் துளி ரெசினின் பாடு இன்னும் திண்டாட்டம். தகட்டின் சராசரி ஸ்ட்ரெயினைப் போலப் பல மடங்கு அந்தச் சந்தில் விழுகிறது. அதனால்தான் இழை வாக்கில் சுமார் 2% வரை தாங்குகிற பொருள், குறுக்கு வாக்கில் 0.5% நெருங்குவதற்குள் விரிசல் விட்டுவிடுகிறது. ரெசின் மட்டமானது என்று அர்த்தம் இல்லை. விறைப்பான பக்கத்துவீட்டுக்காரனிடம் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

விறைப்பு வேறு, வலிமை வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். எவ்வளவு நீள மறுக்கிறது என்பது விறைப்பு. எவ்வளவில் உடைகிறது என்பது வலிமை. பேச்சு வழக்கில் இரண்டையும் ‘ஸ்ட்ராங்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். இந்த ஒரு வார்த்தையால் வருகிற வினையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஓட்டை விஷயத்துக்கு வருவோம். டிரில் செய்யாத மெக்கானிக்கல் மாணவன் உண்டா? அகலமான இரும்புத் தகட்டில் சின்ன ஓட்டை போட்டு இழுத்தால் ஓட்டையின் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் மூன்று மடங்காகும். 1898-இல் கிர்ஷ் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த கணக்கு இது. 3 என்ற அந்த நம்பர் ஐசோட்ரோபிக் பொருளுக்கு மட்டும்தான். திசைக்குத் திசை விறைப்பு மாறும் பொருளுக்கு சோவியத் நாட்டு லெக்னித்ஸ்கி சூத்திரம் எழுதிவைத்திருக்கிறார். அதில் நான் மேலே சொன்ன கார்பன் தகட்டின் மதிப்புகளைப் போட்டுப் பார்த்தால், இழை வாக்கில் இழுக்கும்போது 7-ஐ ஒட்டி வருகிறது. குறுக்கே இழுத்தால் 3-க்கும் கீழே இறங்குகிறது. ஒரே டிரில் பிட், ஒரே ஓட்டை!

7 மடங்கு என்றதும் தகடு ஓட்டையின் இரண்டு பக்கமும் குறுக்கே கிழிந்து இரண்டாகப் போய்விடும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஓட்டையின் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும், ஆனால் குறுக்கே போகாமல் இழை ஓடும் வாக்கில் திரும்பி, இழுக்கிற திசையிலேயே நீளமாகப் போய்விடும். அதாவது ஸ்ட்ரெஸ் அதிகமாக இருக்கிற வழியில் போகாமல், எது சுலபமாகப் பிளக்குமோ அந்த வழியைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிளந்ததும் ஓட்டையின் ஓரத்தில் இருந்த கூர்மை போய்விடுவதால், மிச்சம் இருக்கிற இழைகள் பிழைத்துக்கொள்கின்றன.

இதற்கு அழகான விளக்கம் ஒன்று உண்டு. 1964-இல் குக், கார்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கொடுத்தது. விரிசலின் முனைக்கு முன்னால் அதன் வாயைப் பிளக்கிற ஸ்ட்ரெஸ் மட்டும் இருப்பதில்லை. விரிசல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகவே இழுக்கிற இன்னொரு ஸ்ட்ரெஸும் இருக்கிறது. அது முதலாவதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. முன்னால் இருக்கிற ஒட்டு பொருளின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், விரிசல் வந்து சேர்வதற்கு முன்பே அந்த ஒட்டு வாய் திறந்துவிடும். ஓடிவந்த விரிசல் அதற்குள் விழுந்து, முனை மழுங்கி, பக்கவாட்டில் திரும்பிவிடும். கண்ணாடியும் நொறுங்கும், கெட்டியான ரெசினும் நொறுங்கும். நொறுங்குகிற இரண்டையும் சேர்த்தால் நொறுங்காத ஒன்று கிடைப்பது இதனால்தான். ஒட்டு எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பலம் இருந்தால் போதாது என்றுதான் ஒரு அடுக்கு நெடுக்கே, ஒரு அடுக்கு குறுக்கே என்று மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பிளைவுட்டில் செய்கிற வேலைதான். ஆனால் இழுக்கும்போது குறுக்கு அடுக்கில் முதலில் விரிசல் விழும். தகடு உடையாது, நெடுக்கு அடுக்கு பளுவைத் தாங்கிக்கொள்ளும். குறுக்கு அடுக்கில் மட்டும் சீப்பின் பல் மாதிரி வரிசையாக விரிசல்கள் கூடிக்கொண்டே போகும். இதில் எனக்குப் பிடித்தது 1978-இல் பார்விசி, காரெட், பெய்லி என்ற மூவர் வெளியிட்ட பரிசோதனை. குறுக்கு அடுக்கு தடிமனாக இருந்தால் சீக்கிரம் விரிசல் விடுகிறது. அதையே மெல்லிசாக்க மெல்லிசாக்க விரிசல் தள்ளிப்போகிறது. சுமார் 0.1 மி.மீ. அளவுக்கு மெல்லிசானால், நெடுக்கு அடுக்குகள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வதால், தகடு முழுசாக உடையும் வரைக்கும் அதில் விரிசலே வருவதில்லை. ஆகவே ஒரே அளவு கண்ணாடி, ஒரே ரெசின் என்றாலும் மொத்தையாக ஒரே இடத்தில் வைப்பதும் மெல்லிசாகப் பிரித்து வைப்பதும் ஒன்றல்ல.

இதெல்லாம் விமானத்துக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு விஷயம். எங்கள் வீடு கடற்கரையில். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் போய் ஃபைபர் போட் வந்தது என்று அப்பா சொல்வார். நான் பிறப்பதற்கு முந்தின கதை. போன வருடம் சித்தப்பாவின் போட்டில் அமரத்துப் பக்கம், என்ஜின் மாட்டுகிற பலகைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு விரிசல் வந்தது. பட்டறையில் கொடுத்தார். அவர்கள் மேலே ரோவிங் துணியை எல்லாம் ஒரே பக்கமாகப் போட்டு, உள்ளங்கை கனத்துக்கு ஒட்டி, ‘இனிமே இந்த இடம் இரும்பு மாதிரி, பயப்படாதீங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். ஒட்டுப் போட்ட இடம் உண்மையாகவே இரும்புதான், அசையவில்லை. இரண்டு மாதத்தில் ஒட்டு முடிகிற ஓரத்தை ஒட்டி, அதற்கு இணையாக, புது விரிசல்! சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டி, “என்னடா, இஞ்சினியருக்குப் படிக்கிறியே, ஒட்டினது நல்லாத்தான் இருக்கு, ஒட்டாத இடம் ஏன்டா விடுது?” என்றார்.

‘ஸ்ட்ராங்’ என்ற வார்த்தையின் வினை என்றேனே, அது இதுதான். அலை அடிக்கும்போது போட்டின் பக்கச் சுவர் வளைந்து வளைந்து நிமிர்கிறது. நடுவில் ஒரு இடம் மட்டும் வளைய மறுத்தால், அந்த வளைவு முழுவதும் அந்த இடத்தின் ஓரத்தில் போய்ச் சேர்கிறது. பலப்படுத்துகிறோம் என்று நினைத்து விறைப்பாக்கிவிட்டார்கள். போட்டின் சுவர் பெரும்பாலும் மேட், அதாவது துண்டு துண்டாக வெட்டிய இழை கன்னாபின்னாவென்று எல்லாத் திசையிலும் கிடப்பது. அதன் விறைப்பு சுமார் 7,000, எந்தப் பக்கமும் ஏறக்குறைய அதே. நெய்த ரோவிங் இழை வாக்கில் அதைப் போல இரண்டு மடங்கு. அதே ரோவிங்கை 45 டிகிரி சாய்வாக இழுத்தால் பாதியாக இறங்கிவிடும். இதைத் தெரிந்தவர் விரிசலைச் சுற்றிச் சுவரைச் சரிவாகத் தேய்த்து, தடிமனைப் போல 12 மடங்கு தூரத்துக்கு அந்தச் சரிவை இழுத்து, பழைய சுவரில் என்ன அடுக்கு எந்தத் திசையில் இருந்ததோ அதே மாதிரி மேட்டும் ரோவிங்கும் மாற்றி மாற்றி ஒட்டுவார். சுவரின் தடிமனுக்கு மேல் ஏற்றவே மாட்டார். பார்வைக்கு ஒட்டுப் போட்டதே தெரியாது. கனமாகத் தெரிந்தால்தான் காசு கொடுத்ததற்குத் திருப்தி என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காதுதான். கடலில் பத்து மைல் தள்ளி நிற்கும்போது தண்ணீர் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று அவர்கள் யோசிக்கட்டும்.

மேட்டில் எல்லாத் திசையும் ஒன்றுதானே, அப்போது கவலை இல்லையே என்று கேட்கலாம். தகட்டின் பரப்பில் சரி. தடிமன் வாக்கில்? அங்கே இழையே கிடையாது, ரெசின் மட்டும்தான். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் உரிந்துகொண்டு வருவதெல்லாம் இந்த மூன்றாவது திசையில்தான். கரையில் போட்டை மணலில் இழுக்கும்போது அடிப்பக்கம் படும் அடியில், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்துபோயிருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், பிரிந்த இடத்தில் பொத்தென்று கேட்கும்.

‘டிப்ளமாவுக்கு இதெல்லாம் அதிகம். டிசைன் செய்யப்போவது பி.இ., எம்.இ. படித்தவர்கள். நமக்குக் கொடுக்கிற டிராயிங்படி செய்தால் போதும்’ என்று நம் நண்பர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. டிசைன் செய்கிறவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டிரில்லைப் பிடிக்கிறவன் நாம். துணியை அச்சில் விரிக்கிறவரை மேற்பார்வை பார்க்கிறவன் நாம். காற்றாலையில் கயிறு கட்டித் தொங்கி இறக்கையைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவனும் நாம். நம் சீனியர்கள் பலர் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறார்கள்.

அந்த இறக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். வளைவைத் தாங்குவதற்காக அடிமுதல் நுனிவரை நெடுக்கே ஓடும் இழைகள் ஒரு பட்டையாக உள்ளே இருக்கும். முறுக்கலைத் தாங்குவதற்காக மேல் ஓட்டில் 45 டிகிரி சாய்வில் இரண்டு பக்கமும் இழைகள் போகும். இப்போது ஒருவர் ‘இறக்கையில் இரண்டு அடி நீள விரிசல்’ என்று ரிப்போர்ட் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம்? நெடுக்கே இரண்டு அடி என்றால் ரெசினோ ஒட்டோ விட்டிருக்கலாம், இழைகள் முழுசாக இருக்கலாம். நெடுக்கு இழைப் பட்டையின் மேல் குறுக்கே அரை அடி என்றாலும் போச்சு, பளு தாங்குகிற இழையே அறுந்திருக்கக்கூடும், உடனே நிறுத்தவேண்டும். திசை எழுதாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்கூட இல்லை.

ஆகவே என் கோரிக்கை பெரிய கோரிக்கை ஒன்றும் இல்லை. சிலபஸ் மாறும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. யு.டி.எம். மெஷினில் வருடா வருடம் மைல்ட் ஸ்டீல் ராடை இழுத்து அறுக்கிறோம். கப் மாதிரி ஒரு பக்கம், கோன் மாதிரி ஒரு பக்கம் உடைவதைப் பார்த்து ரெக்கார்டில் படம் போடுகிறோம். நல்லதுதான். கூடவே ஒரு ரோவிங் தகட்டிலிருந்து நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, 45 டிகிரியில் ஒன்று என்று மூன்று துண்டு வெட்டி இழுக்கலாம் என்கிறேன். நடுவில் 6 மி.மீ. ஓட்டை போட்ட துண்டுகள் இரண்டு இருந்தால் இன்னும் விசேஷம். விரிசல் எந்தப் பக்கம் போனது என்று ரெக்கார்டில் படம் போடவேண்டும், நம்பர் மட்டும் எழுதினால் மார்க் கிடையாது என்று சார் சொல்லிவிட்டால் போதும்.

தகட்டுக்குக் காசு இல்லை என்றால் பிளைவுட் இருக்கிறது. கார்பென்டரி ஷாப்பில் மீந்துபோன மூன்று அடுக்கு பிளைவுட்டில் ஒரே அளவில் இரண்டு பட்டை, மேல் அடுக்கின் நார் ஒன்றில் நெடுக்கே, மற்றதில் குறுக்கே ஓடும்படி வெட்டிக்கொள்ளவேண்டும். பீம் டிஃப்ளெக்‌ஷன் ஸ்டாண்டில் வைத்து ஒரே எடையைத் தொங்கவிட்டு டயல் கேஜைப் பார்க்கவேண்டியதுதான். மூன்று அடுக்கும் ஒரே தடிமன் என்றால் நடு அடுக்கு மொமெண்ட் ஆஃப் இனெர்ஷியாவில் 27-இல் 1 பங்குதான், மீதி 26 பங்கும் வெளி அடுக்குகளுடையது. கணக்குப் போட்டுவிட்டு ஸ்டாண்டுக்குப் போங்கள். அடுத்த செமஸ்டர் தொடங்கும்போது யூனியன் சார்பில் லேப் சாரிடம் இதைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன், கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள். ரோவிங் துண்டுகள் யு.டி.எம். கிரிப்பில் வழுக்கும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் எமரி பேப்பரை மடித்து வைத்துப் பிடித்தால் நிற்கும்.